அப்புச்சிக்கு மாத்திரை, பேரனுக்குச் சொட்டு

பவானியில் ஜமக்காளத் தறி போட்ட வீடு ஒன்று. வீட்டுக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர், அதே நாற்பது வருடம் பீடியும் பிடித்தவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மார்கழிக் குளிரில் விசில் அடிப்பது போல நெஞ்சில் சத்தம் கேட்கும். இந்த வீடு கற்பனைதான். ஆனால் இதில் வருகிற மருந்துகளும், அவை உடம்புக்குள் செய்கிற வேலையும் கற்பனை இல்லை.

பெரியவரின் மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். வந்த நாலாம் நாளே வலி கண்டுவிட்டது. இருபத்தொன்பது வாரத்தில் ஆண் குழந்தை. எடை ஒரு கிலோ நூறு கிராம். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே பெரியவர் மடியில் இருந்த பீடிக்கட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டார். "பேரன் ஊட்டுக்கு வாரப்ப இந்த நாத்தம் இருக்கக் கூடாது" என்றார். நாற்பது வருடம் மனைவி கெஞ்சியும் நடக்காத காரியம், ஒரு கிலோ நூறு கிராம் சொல்லாமலேயே நடந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு மூக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. திடீர் திடீரென்று மூச்சு நின்றுவிடும். மானிட்டர் கத்தும். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலில் சுண்டுவார், மறுபடி மூச்சு வரும். குறைமாதக் குழந்தைகளுக்கு இது சகஜம். மூச்சு விடச் சொல்லி உத்தரவு போடுகிற மூளையின் பகுதி இன்னும் முழுசாக முதிர்ந்திருக்காது. 20 வினாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, அதற்குள்ளேயே இதயத் துடிப்பு இறங்கினாலோ, உடம்பு நீலம் பாரித்தாலோ டாக்டர்கள் மருந்து தொடங்கிவிடுவார்கள்.

"என்ன மருந்துங்க?" என்று கேட்டார் அம்மாயி.

"காபீன்னு சொல்வோம்மா. காப்பில இருக்கறதேதான்."

அம்மாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்சைக் கொழந்தைக்குக் காப்பியா?"

காப்பி இல்லை. காபீன் சிட்ரேட் என்ற சுத்தமான மருந்து, ஊசியாகவோ வாய்வழிச் சொட்டாகவோ அளந்து கொடுப்பது. முதல் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதில் பாதிதான் உண்மையான காபீன். அப்படியானால் ஒரு கிலோ குழந்தைக்கு 10 மில்லிகிராம். பார்க்கச் சின்ன அளவுதான். ஆனால் அறுபது கிலோ மனிதருக்கு இதே கணக்கைப் போட்டால் 600 மில்லிகிராம் வருகிறது. ஆறேழு டம்ளர் காப்பியை ஒரே மடக்கில் குடித்த மாதிரி. அதன்பிறகு தினமும் ஒருவேளை கொடுத்தால் போதும். பெரியவர்கள் உடம்பில் காபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. குறைமாதக் குழந்தையின் கல்லீரல் இன்னும் வேலை பழகவில்லை. அங்கே அதற்கு மூன்று நாலு நாள் ஆகும். காலையில் போட்ட மருந்து அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உள்ளேயே உட்கார்ந்து, மூச்சு மையத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும்.

காபீன் தட்டி எழுப்புவதன் சூட்சுமம் அடினோசின் என்ற பொருளில் இருக்கிறது. உடம்பு களைத்துவிட்டது, கொஞ்சம் அடங்கு என்று மூளைக்குச் சேதி சொல்வது இந்த அடினோசின். காபீன் போய் அது உட்கார வேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்ளும். சேதி போய்ச் சேராது. பெரியவர்களுக்குத் தூக்கம் கலைகிறது. குறைமாதக் குழந்தைக்கு மூச்சு விடுவது மறக்காமல் இருக்கிறது.

பல வருடம் டாக்டர்கள் இதைக் கொஞ்சம் பயத்தோடுதான் கொடுத்துவந்தார்கள். வளர்கிற மூளையைப் போய்த் தூண்டலாமா என்ற கேள்வி நியாயமானதுதானே. அதற்குப் பதில் கிடைத்தது 2006-ல். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பார்பரா ஷ்மிட் தலைமையில் நடந்த ஆய்வில், 500 முதல் 1,250 கிராம் எடையில் பிறந்த குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். எண்ணிக்கையும் 2,006 என்று அமைந்தது ஒரு தற்செயல். பாதிப் பேருக்குக் காபீன், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. காபீன் பெற்ற குழந்தைகள் சுமார் ஒரு வாரம் முன்னதாகவே மூச்சுக் கருவியை விட்டு வெளியே வந்தார்கள். நீண்டகால நுரையீரல் பாதிப்பு உப்புநீர்க் குழந்தைகளில் 47 சதவீதம் பேருக்கு வந்தது, காபீன் குழந்தைகளில் 36 சதவீதம் பேருக்கு. ஒன்றரை வயது தாண்டிப் பார்த்தபோது மூளைவாதம் வந்தவர்கள் 7.3 சதவீதத்தில் இருந்து 4.4 ஆகக் குறைந்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து, 2007-ல், இந்த இரண்டாவது முடிவு வெளியானது. பயந்த மருந்தே மூளைக்குக் கவசமாக நின்றது. இந்தியாவில் 2020-ம் ஆண்டில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் மாதம் நிறையாமல் பிறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. உலகத்திலேயே அதிகம் இங்கேதான்.

ஒரு காலத்தில் நம் ஊர்ப் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் காபீன் கிடைக்காது. அமினோஃபிலின் என்ற ஊசிதான். அதுவும் இதன் சகோதரன்தான். சுவாரசியம் என்னவென்றால், குறைமாதக் குழந்தையின் கல்லீரல் அந்த மருந்தை வாங்கி, அதில் ஒரு பங்கைத் தானே காபீனாக மாற்றிக்கொள்ளும். பெரியவர்கள் உடம்பில் இந்த வித்தை நடப்பதாகச் சொல்லும்படி இருக்காது.

அந்தச் சகோதரனைத்தான் பவானியில் அப்புச்சி தினமும் இரண்டு வேளை விழுங்கிக்கொண்டிருந்தார்.

தியோஃபிலின். 1888-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையில் இருந்து பிரித்தெடுத்தது. பெயரிலேயே தேயிலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. காபீன் மூலக்கூறில் மீத்தைல் என்ற குட்டித் தொகுதி மூன்று இருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டால் தியோஃபிலின். நாம் குடித்த காப்பியின் காபீனில் ஒரு சிறு பங்கை நம் கல்லீரலே தியோஃபிலினாக மாற்றுகிறது. பவானி ஆறு பிறக்கிற நீலகிரியில் மலைமலையாகத் தேயிலை இருக்கிறதே, அதைக் கொதிக்க வைத்துக் குடித்தால் மூச்சிரைப்பு போய்விடுமா என்றால், போகாது. தேயிலையில் தியோஃபிலின் இருப்பது துளியிலும் துளி. மாத்திரையில் இருப்பது தொழிற்சாலையில் செய்தது.

காப்பிக்கு மூச்சைத் திறக்கும் குணம் இருப்பது அதற்கும் முன்பே தெரியும். லண்டனில் ஹென்றி ஹைட் சால்டர் என்று ஒரு டாக்டர், அவரே ஆஸ்துமாக்காரர். வெறும் வயிற்றில் நல்ல திக்கான காப்பி குடிக்கச் சொல்லி 1860-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். நம் பாட்டிகள் இழுப்பு வந்தால் கருப்பட்டி போட்ட வரக்காப்பி கொடுத்ததும் அர்த்தமில்லாத காரியம் அல்ல. காபீன் சில மணி நேரம் மூச்சுக்குழாயைக் கொஞ்சம் விரிப்பது பின்னால் ஆய்வுகளிலும் தெரிந்தது. கொஞ்சம் என்பதைக் கவனிக்க வேண்டும். இழுப்பு முற்றியவருக்குக் காப்பி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனால் ஆள் தங்கமாட்டார்.

1902-ல் தியோஃபிலின் மருந்துக்கடைக்கு வந்தபோது சிறுநீர் பெருக்கத்தான் கொடுத்தார்கள். மூச்சுக்கு ஆகும் என்று தெரிய இன்னும் இருபது வருடம் ஆயிற்று. அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆஸ்துமாக்காரர்களுக்கு அதுதான் கைகண்ட மருந்து. தமிழ்நாட்டில் 'டெரிஃபிலின்' என்ற பெயரைக் கேள்விப்படாத மூச்சு நோயாளி இருக்கமாட்டார். அதில் இருப்பது தியோஃபிலினும், அதன் உறவான எட்டோஃபிலினும். இப்போது டாக்சோஃபிலின், அசிப்ரோஃபிலின் என்று சீட்டில் எழுதப்படுவதெல்லாம் அதே வம்சம்தான். சிலது முந்தியதைவிடச் சாது.

இவ்வளவு பழகிய மருந்தில் என்ன சிக்கல்? அளவுதான். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5-க்குக் கீழே மைக்ரோகிராம் இருந்தால் பெரிதாகப் பலன் இல்லை. 20-ஐத் தாண்டினால் விஷத்தின் வாசற்படி. குமட்டல், வாந்தி, கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை. இன்னும் ஏறினால் இதயத் தாளம் தப்பும், வலிப்பு வரும். சிலருக்கு வாந்தி, நடுக்கம் எதுவும் காட்டாமல் நேராக வலிப்பே வந்துவிடும். பலனுக்கும் ஆபத்துக்கும் நடுவே இவ்வளவு ஒடுங்கிய சந்து உள்ள மருந்துகள் அதிகம் இல்லை.

அப்புச்சிக்கு எழுதிக் கொடுத்தது, மெதுவாகக் கரையும் தியோஃபிலின் 400 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. அது மூன்று வருடத்துக்கு முன். சீட்டு நைந்துபோய் நாளாயிற்று. மருந்துக்கடைத் தம்பிக்கு முகம் பழக்கம். "ஒண்ணு பத்தறதில்லீங்க தம்பி" என்று இவராகவே காலையிலும் ஒன்று சேர்த்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் பீடி.

கேட்க விசித்திரமாக இருக்கும். புகையில் உள்ள தார்ப் பொருள்கள், தியோஃபிலினை உடைக்கிற கல்லீரல் நொதியைத் தூண்டிவிடும். புகைப்பவர் உடம்பில் இந்த மருந்து இரண்டு மடங்கு வேகத்தில்கூடக் கரைந்து போகும். அதனால் புகைப்பவருக்கு ஒரு மாத்திரை போதாமல் போவது உண்மைதான். நிகோடினுக்கு இதில் பங்கில்லை, புகைக்குத்தான். பீடியை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் நொதியின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மாத்திரை அதே இரண்டு. ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

பேரன் பிறந்து எட்டாம் நாள் அப்புச்சிக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும். பக்கத்து கிளினிக்கில் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார்கள். 'வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க' என்று அங்கே கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மூச்சு மாத்திரையை இவர் மருந்தாகவே நினைப்பதில்லை, சாப்பாட்டில் சேர்த்தி. சிப்ரோஃப்ளாக்சசினோ, பீடி தூண்டிவிட்டுக்கொண்டிருந்த அதே நொதியைப் பிடித்து அமுக்குகிற மருந்து. ஏற்கெனவே பாதி அடைபட்ட வாய்க்காலில் மதகையும் இறக்கிவிட்ட மாதிரி ஆயிற்று. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்றவையும் வேறு வழியில் இதே காரியத்தைச் செய்யும். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் எதிர்ப்பக்கம் இழுக்கும்; மருந்து வேலை செய்யாமல் மூச்சு திரும்பவும் அடைக்கும்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை வாந்தி. கை நடுங்கியது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அம்மாயி, பித்தம் தலைக்கேறிவிட்டது என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். நெஞ்சு படபடக்கிறது என்றதும், மூச்சாகத்தான் இருக்கும் என்று வரக்காப்பி. காபீனை உடைப்பதும் அதே நொதிதான் என்று அவருக்கு எப்படித் தெரியும். ஒரு மணி நேரத்தில் படபடப்பு இன்னும் கூடியது. மகன் ஆட்டோ பிடித்தார்.

அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். நாடி 136. இ.சி.ஜி.யில் துடிப்பு தாளம் தப்பியிருந்தது. மாரடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, பையில் இருந்த மாத்திரை அட்டைகளைக் கட்டில்மேல் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, பீடி சிகரெட் பழக்கம் இருக்குங்களா?"

"இருந்துதுங்க டாக்டரம்மா. உட்டுட்டனுங்க."

"எப்ப விட்டீங்க?"

"பேரன் பொறந்த அன்னைக்குங்க. இன்னையோட பன்னெண்டு நாளு."

டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் அட்டையையும் தியோஃபிலின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதாங்கய்யா விஷயம்" என்று விளக்கிச் சொன்னார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல காரியம்னு பீடிய உட்டேன். அதுக்கா அம்மணி இந்தத் தண்டனை?" என்றார்.

"பீடிய விட்டதுல தப்பே இல்லீங்க. விட்டப்ப மாத்திரையக் குறைச்சிருக்கோணும். அத உங்களுக்கு யாரும் சொல்லல."

இரண்டு மருந்தும் நின்றன. வயிற்றில் மிச்சம் இருக்கும் மாத்திரையை உறிஞ்ச மருத்துவக் கரி கொடுத்தார்கள். தியோஃபிலினுக்கு இதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், ரத்தத்தில் கலந்துவிட்டதைக்கூடக் குடல்வழியாக இழுத்துக்கொண்டு வரும். பொட்டாசியம் இறங்கியிருந்தது, ஏற்றினார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு மாதிரி வெளியூர் லேபுக்குப் போனது. மறுநாள் வந்த முடிவு 31. இன்னும் தாமதித்து வலிப்பு வந்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாடி அடங்கியபிறகு, இன்ஹேலர் பேச்சு வந்தது. அப்புச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதெல்லாம் கடைசிக் கட்டத்துக்குங்க. ஒருக்கா இழுத்தா உடம்பு அதுக்கே பழகிப்போகும்னு சொல்றாங்க."

இந்த ஒரு நம்பிக்கை எத்தனை பேரை மாத்திரையிலேயே கட்டிப்போட்டிருக்கிறது என்று கணக்கெடுத்தால் தெரியும். சால்பியூட்டமால் என்ற மூச்சு மருந்தையே பார்க்கலாம். மாத்திரையாக விழுங்கினால் 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஓர் இழுப்புக்கு 100 மைக்ரோகிராம், அதாவது அந்த மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, இதயம், மூளை, தசை எல்லாம் சுற்றிவிட்டு மிச்சம்தான் நுரையீரலுக்குப் போகிறது. இன்ஹேலர் நேராக வேண்டிய இடத்துக்கே போகிறது. கடுமையான வைத்தியம் என்று ஊர் பயப்படுவது சின்ன அளவு. சாதாரணம் என்று நினைத்து விழுங்குவதுதான் பெரிய அளவு.

உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் தியோஃபிலினை வழக்கமான சிகிச்சையாக இப்போது சொல்வதில்லை. புகையால் வரும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு, இன்ஹேலரோடு குறைந்த அளவு தியோஃபிலின் சேர்த்தால் திடீர் மூச்சுத்திணறல் குறையுமா என்று பிரிட்டனில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். குறையவில்லை என்று 2018-ல் முடிவு வந்தது. அதற்காக மருந்தே கெட்டது என்று தூக்கி எறியவும் முடியாது. இன்ஹேலர் இழுக்க முடியாதவர், வாங்க வசதி இல்லாதவர், மற்ற எல்லாம் கொடுத்தும் போதாதவர் என்று சிலருக்கு டாக்டர்கள் இன்னும் எழுதுகிறார்கள். எழுதலாம்; நைந்த சீட்டில் மூன்று வருடம் ஓட்டுவதற்கான மருந்து அது இல்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தானாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரையை மென்றோ பொடித்தோ விழுங்கினால் ஒரு நாள் அளவு ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

அப்புச்சிக்கு ஊதிப் பார்க்கும் சோதனை செய்தார்கள். நாள்பட்ட அடைப்பு நோய்தான். நாற்பது வருடத்துப் பீடிக்கு முக்கியப் பங்கு. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசிக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்தி இழுக்கக் கற்றுக் கொடுத்தார்கள். முதல் நாலு தடவை காற்றுக்குத்தான் போயிற்று. ஐந்தாம் தடவை மகன் வாட்சைப் பார்த்துப் பத்து எண்ணினார், அதுவரை மூச்சை அடக்கிவிட்டு அப்புச்சி வெளியே விட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று மகன் ஒரு காகிதத்தில் அப்பா சாப்பிடும் மருந்துகளின் பெயரை எல்லாம் எழுதி, அதைச் சட்டைப்பையில் வைத்துத் தைத்துவிடலாமா என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள் என்றார்.

ஐந்து வாரம் கழித்து, குழந்தைக்கு முப்பத்துநாலு வாரக் கணக்கு ஆனபோது காபீனை நிறுத்தினார்கள். உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. மருந்து முழுசாக உடம்பை விட்டுப் போகப் பல நாள் ஆகும். அது போனபிறகும் மூச்சு நிற்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாயி தினமும் போனில் கேட்பது ஒரே கேள்வி: "நேத்து ராத்திரி மூச்சு நின்னுதா?" ஏழாம் நாள் மகள் சொன்னார், "ஒருக்காகூட நிக்கலைமா. நாளைக்கு ஊட்டுக்குப் போலாம்னுட்டாங்க."

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்புச்சிக்கு அது காதில் விழுந்தது. இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, சாயங்கால வேளைக்கு உண்டானதை இழுத்தார். பிறகு எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு, தறிக்கூடத்துக் கதவைச் சாத்திப் பூட்டினார். குழந்தை வருகிற வீட்டில் தூசி பறக்கக் கூடாதாம்.